எந்தச் செயலியை நம்பி வண்டியை எடுப்பது?

வண்டி ஓட்டுபவருக்கு வழி சொல்லும் கைபேசிச் செயலிகள் இன்று ஆறேழு இருக்கின்றன. கூகுள் மேப்ஸ் எல்லோருக்கும் தெரிந்தது. ஐபோனில் வரும் ஆப்பிள் மேப்ஸ், இஸ்ரேலில் பிறந்த வேஸ், டெல்லியைச் சேர்ந்த மேப்மைஇந்தியா நிறுவனத்தின் மேப்பிள்ஸ், ஐரோப்பாவின் ஹியர் வீகோ, தன்னார்வலர்கள் வரைந்த படத்தை வைத்து இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் ஆகியவை மற்றவை. திரையில் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். போகவேண்டிய பாதைக்கு ஒரு வண்ணக் கோடு, வண்டிக்கு ஓர் அம்புக்குறி, கீழே போய்ச்சேரும் நேரம், திருப்பம் நெருங்கும்போது ஒரு குரல். வேறுபாடு முழுவதும் திரைக்குப் பின்னால் இருக்கிறது. படத்தை வரைந்தது யார், நெரிசலைச் சொல்வது யார், டவர் போன பிறகு என்ன மிஞ்சும்? ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட இந்தக் கேள்விகளே போதும்.

வண்டி நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நேரக் குறிப்பை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அந்தக் குறிப்பு வந்துசேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதிலிருந்து ஒவ்வொரு கோளும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கைபேசி கணக்கிடுகிறது. நான்கு கோள்களின் குறிப்பு கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. அதை நிறுத்திய பிறகுதான் சாதாரணக் கருவிகளுக்கும் நல்ல துல்லியம் கிடைத்தது. இன்றைய கைபேசிகள் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்தோ ஆகியவற்றின் குறிப்புகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கின்றன. இஸ்ரோவின் நாவிக் சில கைபேசிகளில் உண்டு. திறந்த வெளியில் பிழை ஏறக்குறைய ஐந்து மீட்டர். ஒரே கைபேசியில் எந்தச் செயலியைத் திறந்தாலும் இந்த அளவு பெரிதாக மாறாது.

ஐந்து மீட்டர் என்பது வயல்வெளியில் ஒன்றுமே இல்லை. சென்னை கத்திப்பாராவில் அது ஒரு பெரிய தூரம். ஜிஎஸ்டி சாலையில் விமான நிலையத்தைத் தாண்டி வருகிறவருக்கு முன்னால் மேம்பாலத்தில் ஏறும் பாதையும், கீழே ஒட்டிப் போகும் பாதையும் பக்கத்துப் பக்கத்தில் பிரிகின்றன. திரையிலுள்ள அம்புக்குறிக்கு இரண்டும் ஒன்றுதான். ஓட்டுபவர் கீழே இறங்கிவிட்டிருப்பார். செயலி அவர் பாலத்தின் மேல் போவதாக எண்ணி அங்கிருந்தே கணக்குப் போடும். பாலத்தின் அடியில் வானமும் மறைந்துவிடுவதால் கோள்களின் குறிப்பு தடுமாறும். சற்று தூரம் போன பிறகு அம்புக்குறி ஒரு துள்ளு துள்ளி வேறு கோட்டில் போய் உட்காரும், போய்ச்சேரும் நேரம் ஆறேழு நிமிடம் கூடியிருக்கும். நான்குவழிச் சாலைகளில் சர்வீஸ் ரோடு பிரியும் இடங்களிலும் இதே கதைதான். இந்தக் குறை பற்றி எழுந்த புகார்களுக்குப் பிறகு, 2024 ஜூலையில் கூகுள் மேப்ஸ் 40 இந்திய நகரங்களில் மேம்பாலம் வருவதை முன்கூட்டியே காட்டும் வசதியைக் கொண்டுவந்தது. மேப்பிள்ஸ் அதற்கு முன்பே பெரிய சந்திப்புகளைப் படமாகவே வரைந்து, எந்தப் பாதையைப் பிடிக்க வேண்டும் என்று அம்புக்குறியிட்டுக் காட்டிவந்தது. ஊருக்குப் புதியவர் பல அடுக்குச் சந்திப்பில் நுழையும்போது, குரலைவிட இந்தப் படம் அதிகம் உதவும்.

படம் எங்கிருந்து வந்தது என்பது ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு. கூகுள் 2004இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்த ஒரு சிறு நிறுவனத்தை வாங்கியது. அதை நடத்தியவர்களில் இருவர் ராஸ்முசன் என்ற டென்மார்க் சகோதரர்கள். 2005 பிப்ரவரி 8 அன்று கூகுள் மேப்ஸ் இணையத்துக்கு வந்தது. 2009 அக்டோபரில் ஆண்ட்ராய்டு கைபேசியில் குரல்வழி வழிகாட்டலை அமெரிக்காவில் இலவசமாகத் தருவதாக அறிவித்ததும், தனிக் கருவி விற்றுவந்த கார்மின், டாம்டாம் நிறுவனங்களின் பங்குகள் சரிந்தன. இந்தியாவில் கூகுளுக்கு இருந்த சிக்கல் வேறு: இங்கே கிராமச் சாலை வரை போகும் படம் விலைக்குக்கூடக் கிடைக்கவில்லை. அதனால் மக்களே தங்கள் தெருவை வரைந்து சேர்க்க 2008இல் மேப் மேக்கர் என்ற தளத்தைத் திறந்தது. 2017 வரை அது இருந்தது. தெருக்களைப் படமெடுக்கும் கார்களை 2011இல் பெங்களூரு போலீசார் தடுத்துவிட்டார்கள். 2021இல் வரைபட விதிகள் தளர்ந்த பிறகு, 2022 ஜூலையில்தான் இந்திய நிறுவனங்களின் துணையோடு சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களில் தெருக்காட்சி வந்தது.

மேப்மைஇந்தியா இதற்கெல்லாம் மூத்தது. ராகேஷ் வர்மா, ரஷ்மி வர்மா தம்பதியர் 1995இல் தொடங்கினார்கள். ஆட்களைத் தெருவுக்கு அனுப்பி அளந்து சேர்த்த படம் அது. பல கார் நிறுவனங்கள் தங்கள் வண்டியிலேயே பொருத்தித் தந்த வழிகாட்டித் திரைகளில் ஓடியது இந்தப் படம்தான். 2021இல் இஸ்ரோவோடு ஒப்பந்தமும் செய்துகொண்டது. 2024 ஜூலையில் ஓலா தன் டாக்சிகளுக்குச் சொந்தப் படத்தைப் பயன்படுத்தத் தொடங்கியதும் கூகுள் தன் படத்தைப் பயன்படுத்தும் இந்திய நிறுவனங்களுக்கான கட்டணத்தைக் கணிசமாகக் குறைத்தது. பயனாளருக்குச் செயலி இலவசம் என்றாலும், அதன் பின்னால் பெரிய வணிகம் இருக்கிறது.

மூன்றாவது வகை ஓபன்ஸ்ட்ரீட்மேப். பிரிட்டனில் 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இந்தப் படத்துக்கு முதலாளி கிடையாது. யாரும் வரையலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் போன்ற செயலிகள் இதை வைத்தே இயங்குகின்றன. ஆர்வமுள்ளவர் ஒருவர் இருக்கும் ஊரில் ஒற்றையடிப் பாதை வரை இருக்கும். இல்லாத ஊரில் முதன்மைச் சாலை மட்டும் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் எந்தெந்தத் தெருக்களில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்துக்கொடுத்த படம் இதன் மேல்தான் எழுந்தது. பெரிய நிறுவனங்களின் செயலிகளைவிட அன்றைக்கு அது பயன்பட்டது.

படம் கிடைத்த பிறகு அதில் வழி கண்டுபிடிப்பது கணக்கு. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணினி அறிஞர் 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து, தாளும் பேனாவும் இல்லாமல், இருபது நிமிடத்தில் இதற்கான முறையை யோசித்து முடித்தார். சந்திப்புகளைப் புள்ளிகளாகவும் சாலைகளை அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் வைத்து, மிகக் குறைந்த செலவில் எட்டக்கூடிய புள்ளியை முதலில் முடிவுசெய்துகொண்டே போவது அவர் வழி. இன்றைய செயலிகள் அதைப் பல மடங்கு விரைவுபடுத்தியிருக்கின்றன, அடிப்படை அதுவேதான். தூரத்துக்குப் பதிலாக நேரத்தைச் செலவாக வைத்தால் விரைவான வழி கிடைக்கும், எரிபொருளை வைத்தால் சிக்கனமான வழி கிடைக்கும். 'மேப் ஏன் இப்படிச் சுற்றிக்கொண்டு போகச் சொல்கிறது?' என்று வீட்டில் கேள்வி எழும்போது, பதில் பெரும்பாலும் இந்தக் கணக்கில் இருக்கிறது: நாற்பது வேகத்தில் போகும் பத்து கிலோமீட்டர், பத்து வேகத்தில் ஊரும் நான்கு கிலோமீட்டரைவிட விரைவு.

இங்கேதான் செயலிகளுக்குள் பெரிய இடைவெளி விழுகிறது. இந்தச் சாலையில் இப்போது வண்டிகள் எந்த வேகத்தில் நகர்கின்றன என்பது எப்படித் தெரியும்? சாலையில் போகிறவர்களின் கைபேசிகளே சொல்கின்றன. இருப்பிடத்தைப் பகிர அனுமதித்திருக்கும் ஒவ்வொரு கைபேசியும் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது சேர்க்கப்பட்டு, சாலை பச்சையாகவோ, ஆரஞ்சாகவோ, சிவப்பாகவோ ஆகிறது. 2020 பிப்ரவரியில் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் இதைக் கண்ணுக்கு முன்னால் காட்டினார். 99 கைபேசிகளை ஒரு சிறிய கைவண்டியில் அடுக்கி, வெறிச்சோடிக் கிடந்த தெருக்களில் மெல்ல இழுத்துக்கொண்டு நடந்தார். அவர் நடந்த தெரு கூகுள் மேப்ஸில் சிவப்பாக மாறியது. அது பற்றிக் கேட்டபோது, இந்தியா, இந்தோனேசியா, எகிப்து போன்ற நாடுகளில் காரையும் மோட்டார் சைக்கிளையும் பிரித்தறியும் வசதி தங்களிடம் இருப்பதாக கூகுள் சொன்னது. நெரிசலில் கார் நின்றிருக்கும்போது அதன் இடுக்கில் பைக்குகள் புகுந்து போய்க்கொண்டே இருக்கும் நம் சாலைகளுக்கு இந்தப் பிரிப்பு அவசியம். அது இல்லாவிட்டால் அடைத்துக் கிடக்கும் சாலையும் பச்சையாகத் தெரியும்.

இந்தியக் கைபேசிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆண்ட்ராய்டு. கூகுள் மேப்ஸ் அவற்றோடு சேர்ந்தே வருகிறது. எனவே அதற்குச் செய்தி சொல்லும் கைபேசிகளின் எண்ணிக்கையை வேறு எந்தச் செயலியும் இங்கே நெருங்க முடியாது. காலை ஒன்பது மணிக்கு வேளச்சேரியிலிருந்து அம்பத்தூருக்குப் போகிறவருக்கோ, தீபாவளிக்கு முந்தைய இரவு பெருங்களத்தூரைத் தாண்ட முயல்கிறவருக்கோ படத்தின் அழகால் பயனில்லை, அந்த நிமிடத்து நிலவரம் வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே நகர ஓட்டத்துக்குக் கூகுள் மேப்ஸ் முதலிடம் பெறுகிறது. 2018 முதல் தமிழிலும் அது பேசுகிறது.

வேஸின் பலம் ஓட்டுபவர்கள் தாங்களாகத் தரும் தகவல். விபத்து, சாலையில் கிடக்கும் மரம், பள்ளம், போலீஸ் சோதனை என்று ஒருவர் தட்டினால் பின்னால் வருகிறவருக்குத் தெரியும். இஸ்ரேலில் 2006இல் ஒரு தன்னார்வ வரைபட முயற்சியாகத் தொடங்கியது. 2013 ஜூனில் ஏறக்குறைய நூறு கோடி டாலர் கொடுத்து கூகுள் அதை வாங்கியது. நெரிசலைத் தவிர்க்க யாரும் அறியாத சந்துகளைக் கண்டுபிடிப்பதில் அதற்குப் பேர் உண்டு. அதன் மறுபக்கத்தை நியூயார்க்குக்கு அருகிலுள்ள லியோனியா என்ற சிற்றூர் அனுபவித்தது. வழிகாட்டிச் செயலிகள் அனுப்பிய கார்கள் வீட்டுத் தெருக்களை அடைத்துக்கொண்டதால், 2018 ஜனவரியில் நெரிசல் நேரத்தில் வெளியாட்களுக்குத் தெருக்களை மூடியது அந்த ஊர். தட்டிச் சொல்ல ஆள் இருக்கும் நாட்டில் வேஸ் நல்ல செயலி. தமிழ்நாட்டில் அந்த அளவுக்குக் கூட்டம் சேரவில்லை.

ஆப்பிள் மேப்ஸ் 2012 செப்டம்பரில் வந்தபோது பிழைகள் மலிந்திருந்தன. நிறுவனத் தலைவர் டிம் குக் அதே மாதம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஆஸ்திரேலியாவில் மில்டுரா என்ற ஊரைத் தேடிப் போனவர்கள் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் தள்ளி, தண்ணீரில்லாத தேசியப் பூங்காவுக்குள் சிக்கியதால், டிசம்பரில் விக்டோரியா மாநிலப் போலீசாரே எச்சரிக்கை விட்டார்கள். பிறகு அந்தப் படம் புதிதாக உருவாக்கப்பட்டு மேலை நாடுகளில் இப்போது நன்றாகவே இருக்கிறது. இந்தியச் சிற்றூர்களின் விவரத்தில் அது இன்னும் கூகுளை எட்டவில்லை. வெளிநாட்டில் வண்டி எடுக்கும் தமிழர்களுக்கு ஒரு குறிப்பு: சீனாவில் கூகுள் சேவைகளே இயங்குவதில்லை, அங்கே காவ்தே, பைதூ. தென்கொரியாவில் வரைபடத் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக இருந்த தடையால் நேவர், காக்காவ், டிமேப் ஆகியவைதான் ஓட்டுநர்களுக்கு நெடுங்காலமாகத் துணை.

டவர் இல்லாத இடத்தில் கணக்கு தலைகீழாகிவிடும். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலையில் டவர் வந்து வந்து போகும். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை, ஆகவே அம்புக்குறி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதன் அடியில் இருக்க வேண்டிய சாலைதான் காணாமல் போய் வெறும் சாம்பல் நிறக் கட்டங்களாகிவிடும். கூகுள் மேப்ஸில் 2015 முதல் ஒரு பகுதியின் படத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொண்டு வழிகேட்க முடிகிறது. நெரிசல் நிலவரமும் மாற்று வழிகளும் அதில் வராது. ஆப்பிளில் இந்த வசதி 2023இல் வந்தது. வேஸ் இணையம் இல்லாமல் புதிய பாதை தேடாது. ஹியர் வீகோ, ஆர்கானிக் மேப்ஸ் இரண்டும் இதற்கென்றே ஏற்பட்டவை. ஒரு மாநிலம் முழுவதையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆர்கானிக் மேப்ஸில் விளம்பரமும் இல்லை, ஓட்டுபவர் போன இடங்களைச் சேகரிப்பதும் இல்லை. மலைக்கும் காட்டுச் சாலைக்கும் கிளம்புகிறவர் இவற்றில் ஒன்றைப் பொள்ளாச்சியிலோ மேட்டுப்பாளையத்திலோ இருக்கும்போதே இறக்கிக்கொள்வது நல்லது.

தேடும்போதே நேரும் பிழைகளும் உண்டு. 'புதூர்' என்று தட்டினால் எந்தப் புதூர்? தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் ஊர் இல்லாத மாவட்டம் அரிது. கல்யாணப் பத்திரிகையிலுள்ள ஊர்ப்பெயரை மட்டும் அடித்துவிட்டுக் கிளம்பி, வேறு மாவட்டத்து மண்டப வாசலில் போய் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஊரோடு மாவட்டத்தையும் பின்கோடையும் சேர்த்துத் தேடினால் இது நேராது. அழைக்கிறவரிடமிருந்து இருப்பிடத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்வது இன்னும் எளிது. மேப்பிள்ஸ் ஒவ்வோர் இடத்துக்கும் ஆறு எழுத்துக் குறியீடு ஒன்றைத் தருகிறது. கதவு எண் ஒழுங்கில்லாத புதிய நகர்களில் அது கைகொடுக்கும்.

வாகன வகையைச் சரியாகக் குறிப்பதும் அதே அளவு முக்கியம். 2017 டிசம்பரில் கூகுள் மேப்ஸ் உலகிலேயே முதலில் இந்தியாவில்தான் இருசக்கர வாகனங்களுக்கான வழியைத் தந்தது. கார் நுழையாத சந்துகள் அதில் இருக்கும். பைக்கில் போனபோது வைத்த அமைப்பை மாற்றாமல் காரை எடுத்தால், கண்ணாடியை மடக்கிக்கொண்டு பின்னாலேயே வர வேண்டியிருக்கும்.

ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்திருப்பது குற்றம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்டு 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம், வழி பார்ப்பதற்கு மட்டும் கைபேசியை அனுமதிக்கிறது; அதுவும் ஓட்டுபவரின் கவனம் கலையாத வகையில். டாஷ்போர்டில் ஒரு ஹோல்டர், காதுக்குக் கேட்கும் குரல், கிளம்புமுன்பே குறித்துவிட்ட இடம் ஆகியவை இருந்தால் போதும். சித்திரை வெயிலில் கண்ணாடிக்கு நேர் கீழே வைத்த கைபேசி சூடேறித் திரை மங்கிவிடும். ஏசி காற்று படும் இடத்தில் பொருத்துவது மேல்.

எந்தச் செயலியானாலும் அது சொல்லாத சில உண்டு. சத்தியமங்கலத்திலிருந்து மைசூருக்குப் போகும் திம்பம் மலைப்பாதையில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியூர்க் கார்கள் போக முடியாது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். குரலை நம்பி நள்ளிரவில் திம்பம் பாதையின் பண்ணாரிச் சோதனைச் சாவடிக்கு வந்துசேர்ந்தால் விடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். 2024 ஜனவரியில் ஊட்டியிலிருந்து கர்நாடகத்துக்குத் திரும்பிய சுற்றுலாப் பயணிகளின் கார் ஒன்று, செயலி காட்டிய குறுக்கு வழியில் கூடலூரில் மக்கள் நடக்கும் படிக்கட்டில் இறங்கி நின்றுவிட்டது. போலீசாரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அதை வெளியே கொண்டுவந்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்கு அருகே நடந்தது அப்படி முடியவில்லை. ராமகங்கை ஆற்றுப் பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் முன்பே அடித்துக்கொண்டு போயிருந்தது. பாலத்தின் வாயில் தடுப்பு இல்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை. படத்தில் பாலம் முழுதாகவே இருந்தது. செயலி காட்டிய வழியில் வந்த கார் ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீது வழக்குப் பதிவானது. அந்தப் பாலம் உடைந்திருப்பது சுற்றுவட்டார ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த செய்தி. படத்துக்குத்தான் அது போய்ச்சேரவில்லை.

போய்ச்சேரும் வழி எளிது. கூகுள் மேப்ஸிலும் மேப்பிள்ஸிலும் சாலை மூடியிருப்பதை யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நேராகவே திருத்தலாம். இரண்டு நிமிட வேலை. உங்கள் ஊரில் பாலம் உடைந்தால், தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறினால், புறவழிச்சாலைப் பணிக்காகப் பாதையை வெட்டிப் போட்டிருந்தால், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அதைக் குறித்துவிடுங்கள். இரவில் அந்த வழியாக வரப்போகும் வெளியூர்க்காரருக்கு அதைச் சொல்ல அங்கே வேறு ஆள் இருக்கமாட்டார்.